லேயிலிருந்து போர்ட் பிளேருக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்: நான் கணக்குப் போடும் விதம்

அப்பத்தா இறந்தது ஒரு ஜனவரி மாதம், செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்கு. தம்பி அப்போது ராணுவத்தில், லடாக்கில் இருக்கும் லே என்ற ஊரில் இருந்தான். நாங்கள் போர்ட் பிளேரில், ஜங்லிகாட்டில். போனில் அழுதுகொண்டே சொன்னான்: "அக்கா, நெட்ல போட்டுப் பார்த்தேன். 2,937 கிலோமீட்டர், மூணு மணி நாப்பது நிமிஷம்னு காட்டுது. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன். எனக்காக வைங்க." அப்பா அந்த எண்ணை நம்பி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வியாழன் மதியம் வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்து, அதற்கு மேல் முடியாமல் எடுத்தோம். தம்பி வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தான், பால் தெளிக்கும் நேரத்துக்கு. 59 மணி நேரம்.

அந்த 2,937 பொய்யில்லை. மூன்று மணி நாற்பது நிமிடமும் பொய்யில்லை. ஆனால் அப்படி ஒரு விமானம் உலகத்தில் கிடையாது. நான் பள்ளியில் கணக்கு எடுக்கிறவள். அந்த எண் எங்கிருந்து வந்தது, அதற்கும் 59 மணி நேரத்துக்கும் நடுவில் என்னென்ன இருக்கிறது என்று பிறகு உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினேன். எங்கள் தெருவில் ராணுவத்தில் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கெல்லாம் இன்றும் அந்த நோட்டை வைத்துத்தான் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். அதையே இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டால் எந்த இரண்டு தொலைதூர ஊர்களுக்கும் பயன்படும்.

முதலில் இரண்டு புள்ளிகள்

ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டாம். விமான நிலையத்தினுடையதை எடுங்கள். கூகுள் மேப்பில் ஓடுபாதையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சம், இரண்டாவது தீர்க்கம்.

லே: 34.14 வடக்கு, 77.55 கிழக்கு.
போர்ட் பிளேர்: 11.64 வடக்கு, 92.73 கிழக்கு.

இங்கே பிள்ளைகள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று. அட்லஸில் 11 டிகிரி 38 நிமிடம் என்று இருப்பதை அப்படியே 11.38 என்று எழுதிவிடுவார்கள். 60 நிமிடம்தான் ஒரு டிகிரி. 38-ஐ 60-ஆல் வகுத்தால் 0.63; ஆக 11.63. இதைக் கவனிக்காவிட்டால் தொடக்கத்திலேயே 28 கிலோமீட்டர் தப்பாகிவிடும்.

பெயரிலும் கவனம் தேவை. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று அரசு பெயர் மாற்றியது. டிக்கெட் தளங்களில் எந்தப் பெயர் வந்தாலும் பதறவேண்டாம், மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். எங்களுடையது ஐ-எக்ஸ்-இசட். லேயினுடையது ஐ-எக்ஸ்-எல். கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. அவசரத்தில் மாற்றித் தட்டிவிட வாய்ப்பு அதிகம்.

நேர்கோட்டுத் தூரம்: பத்தாம் வகுப்புக் கணக்கே போதும்

அட்சரேகையில் ஒரு டிகிரி என்றால் தரையில் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். பூமியில் எங்கே அளந்தாலும் அநேகமாக அதுதான். லேக்கும் எங்களுக்கும் வித்தியாசம் 22.5 டிகிரி. 22.5 × 111 = 2,497. தெற்கு நோக்கி இறங்கவேண்டியது இவ்வளவு.

தீர்க்கரேகை அப்படியில்லை. நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி 111 கிலோமீட்டர் இருக்கும். வடக்கே போகப்போகக் கோடுகள் நெருங்கி, துருவத்தில் எல்லாம் ஒரே புள்ளியில் சேர்ந்துவிடும். ஆரஞ்சுச் சுளையைப் பாருங்கள், நடுவில் அகலம், இரு முனையிலும் கூர். அதனால் இரண்டு ஊர்களின் சராசரி அட்சத்தை எடுத்து, அதன் கோசைன் மதிப்பால் பெருக்கவேண்டும். 34.14-க்கும் 11.64-க்கும் சராசரி 22.89. அதன் கோசைன் 0.921. தீர்க்கரேகை வித்தியாசம் 15.18. ஆக 15.18 × 111 × 0.921 = 1,552. கிழக்கு நோக்கிப் போகவேண்டியது இவ்வளவு.

செல்போனைப் பக்கவாட்டில் திருப்பினால் கால்குலேட்டரில் கோசைன் வரும். அது டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியனில் இருந்தால் 0.921-க்குப் பதில் மைனஸ் 0.62 என்று ஏதோ வரும். மைனஸ் வந்தாலே நிறுத்திவிட்டு அதை மாற்றுங்கள்.

இனி பிதாகரஸ். 2,497-ஐ வர்க்கப்படுத்தி, 1,552-ஐ வர்க்கப்படுத்தி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 2,940 கிலோமீட்டர். தம்பி பார்த்த தளம் சொன்னது 2,937. மூன்று கிலோமீட்டர்தான் வித்தியாசம்! முதல் தடவை இதைப் போட்டு முடித்தபோது எனக்கே நம்பமுடியவில்லை. பூமியைத் தட்டையாக நினைத்துப் போட்ட கணக்கு இவ்வளவு கிட்டத்தில் வருகிறது.

அந்த மூன்று கிலோமீட்டரும் வேண்டுமென்றால் உருண்டைக்கான சூத்திரம் இருக்கிறது. இரண்டு அட்சங்களின் சைன் மதிப்புகளைப் பெருக்கி ஓர் ஓரத்தில் வையுங்கள்: 0.5612 × 0.2018. பிறகு அவற்றின் கோசைன் மதிப்புகளையும், தீர்க்க வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்குங்கள்: 0.8277 × 0.9794 × 0.9651. இரண்டையும் கூட்டினால் 0.8956. எந்தக் கோணத்தின் கோசைன் இது என்று கேட்டால் 26.41 டிகிரி. அதை 111.2-ஆல் பெருக்கினால் 2,937. இந்தியாவுக்குள் முதல் முறையே போதும். கண்டம் தாண்டிப் போகும் பயணமென்றால் இதைத்தான் போடவேண்டும், தட்டைக் கணக்கு அங்கே நிறைய விலகும்.

தளத்தில் 1,825 என்று காட்டினால் அது மைல். 1,586 என்று காட்டினால் கடல் மைல். தூரம் ஒன்றுதான்.

அந்தக் கோட்டின் மேல் விமானம் பறக்காது

இதுதான் எங்கள் வீட்டில் யாரும் யோசிக்காத இடம். வகுப்பில் இருக்கும் பூமி உருண்டையில் லே மேல் ஒரு குண்டூசி, போர்ட் பிளேர் மேல் ஒரு குண்டூசி குத்தி, நடுவில் தையல் நூலை இழுத்துக் கட்டினேன். நூல் எங்கே போனது தெரியுமா? லேயை விட்டு இறங்கியதும் திபெத்தின் ஒரு மூலையைத் தொட்டு, மேற்கு நேபாளத்துக்குள் நுழைந்து, ராஞ்சிக்குப் பக்கத்தில் பாதி வழியை எட்டி, அப்புறம் வங்காள விரிகுடாவில் இறங்குகிறது. நாடுகளின் எல்லை, இமயமலையின் உச்சிகள் எல்லாம் அந்த நூலுக்கு ஒன்றுமில்லை. விமானத்துக்கு அப்படியில்லை. அதோடு, இந்த இரண்டு ஊர்களுக்கும் நேரடி விமானமும் இல்லை.

எனவே நூலை ஒரே இழுப்பாக இழுக்காமல், உண்மையில் விமானம் மாறும் ஊர்களில் குண்டூசி குத்தி அளக்கவேண்டும். அதே தட்டைக் கணக்கை ஒவ்வொரு துண்டுக்கும் போட்டேன்:

லே–டெல்லி 620
டெல்லி–கொல்கத்தா 1,310
கொல்கத்தா–போர்ட் பிளேர் 1,305
கூட்டினால் 3,235 கிலோமீட்டர்.

சென்னை வழி என்றால் டெல்லி–சென்னை 1,755, சென்னை–போர்ட் பிளேர் 1,370. லே–டெல்லியையும் சேர்த்தால் 3,745.

கொல்கத்தா வழி நேர்கோட்டைவிடப் பத்து சதவீதம் கூடுதல். சென்னை வழி கால் பங்குக்கு மேல் கூடுதல். நாங்கள் தமிழர்கள், சென்னை என்றால் கை தானாக அங்கே போகும். அங்கே சொந்தக்காரர் வீடும் இருக்கும். ஆனால் அவசரம் என்றால் முதலில் கொல்கத்தா வழியைப் பாருங்கள். ஐநூறு கிலோமீட்டர் மிச்சம். நேரம் பொருந்தாவிட்டால் மட்டும் சென்னை.

கிலோமீட்டரை மணியாக்குவது

பெரும்பாலான தளங்கள் தூரத்தை 800 அல்லது 850-ஆல் வகுத்து நிறுத்திவிடுகின்றன. 2,937-ஐ 800-ஆல் வகுத்தால் வருவதுதான் தம்பி பார்த்த மூன்று மணி நாற்பது. வானத்தின் நடுவில் மட்டும்தான் அந்த வேகம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, ஏறுவது, இறங்குவது, இறங்கியபின் நிறுத்துமிடம் வரை ஊர்வது எல்லாம் தனி. ஒவ்வொரு விமானத்துக்கும் நான் 35 நிமிடம் சேர்க்கிறேன்.

சென்னை–போர்ட் பிளேர்: 1,370 ÷ 800 = ஒரு மணி 43 நிமிடம். கூட 35. மொத்தம் இரண்டு மணி 18. டிக்கெட்டில் போடுவதும் இதையொட்டித்தான் இருக்கும். லே–டெல்லி ஒரு மணி 22 நிமிடம். டெல்லி–கொல்கத்தாவும் கொல்கத்தா–போர்ட் பிளேரும் தலா இரண்டு மணி 13. ஆக விமானத்துக்குள் உட்காரும் நேரம் மட்டும் ஐந்து மணி 48 நிமிடம். சென்னை வழி ஆறு மணி 27.

துண்டு கூடினால் 35 நிமிடமும் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் அதே தூரத்தை மூன்று விமானத்தில் போகிறவருக்கு ஒரே விமானத்தில் போகிறவரைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிகம் ஆகிறது.

காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று ஓடும். மணிக்கு 150 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், டெல்லியிலிருந்து கொல்கத்தா போகிற விமானத்தின் தரை வேகம் 950. திரும்பி வரும்போது 650. 1,310 கிலோமீட்டருக்குப் போகையில் ஒரு மணி 23 நிமிடம், வருகையில் இரண்டு மணி ஒரு நிமிடம். முப்பத்தெட்டு நிமிடம் காற்றுக்கு மட்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தெற்குப் பக்கம் இதற்கு நேர் எதிர்: மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றோட்டம் வரும். வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்று இதை உலகுக்கு விளக்கியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோடீஸ்வரம், 1958-இல். ஜூலை, ஆகஸ்டில் சென்னையிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் விமானம் கொஞ்சம் தாமதித்தால் இந்தக் காற்றும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மணியை நாளாக்குவது

இனிதான் முக்கியமானது. ஐந்து மணி 48 நிமிடம் எப்படி 59 மணி நேரம் ஆனது?

லே விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 3,256 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலைகளோடு இருக்கிறது. அங்கே காற்றே மெல்லிசு. வெயில் ஏற ஏறக் காற்று இன்னும் மெல்லிசாகி, இறக்கைக்குத் தாங்கும் சக்தி குறையும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்றும் கிளம்பிவிடும். அதனால் பயணிகள் விமானங்கள் அநேகமாகக் காலையிலேயே வந்து போய்விடும். காலையைத் தவறவிட்டால் மறுநாள்தான்.

அந்தப் புதன்கிழமை லேயில் வானம் கண்ணாடி மாதிரி இருந்ததாம். தம்பி பையோடு காத்திருக்கிறான், விமானம் வரவில்லை. பதினோரு மணிக்கு ரத்து என்று சொல்லிவிட்டார்கள். "இங்க மேகமே இல்லக்கா, எதுக்கு ரத்து பண்றாங்க?" என்று கேட்டான். அன்றைக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. காரணம் டெல்லி. அவனை ஏற்றிப்போகவேண்டிய விமானம் காலையில் டெல்லியிலிருந்துதான் கிளம்பவேண்டும். டெல்லியில் விடியற்காலை மூடுபனி. பனி விலகிக் கிளம்பலாம் என்ற நேரத்துக்கு லேயின் காலை முடிந்துவிட்டது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் லேயிலிருந்து கிளம்புகிறவர் பார்க்கவேண்டியது லேயின் வானத்தை மட்டுமல்ல, டெல்லியின் வானத்தையும்.

வியாழக்கிழமை அவன் டெல்லி வந்து இறங்கும்போது மதியம். அன்று போர்ட் பிளேருக்கு வந்து சேர எந்த வழியும் மிச்சமில்லை. சாயங்காலம் கொல்கத்தா, இரவெல்லாம் நாற்காலியில், வெள்ளி அதிகாலை விமானம். காலையில் கிளம்புவது ஒரு ஊரிலிருந்து, காலையில் போய்ச் சேரவேண்டியது இன்னொரு ஊருக்கு என்றால், நடுவில் ஓர் இரவு கட்டாயம் விழும்.

எங்கள் பக்கத்திலும் சிக்கல் உண்டு. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை மழை. ஓடுபாதை தெரியாத அளவுக்கு அடித்தால் விமானம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த வழியே சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ திரும்பிவிடும். பக்கத்து ஊரில் இறக்கிவிட எங்களுக்குப் பக்கத்து ஊர் ஏது? நாலு பக்கமும் கடல். வீட்டு மொட்டை மாடியில் நின்று, மேகத்துக்குள் சத்தம் மட்டும் கேட்டு, அது தேய்ந்து போவதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

ஆகவே என் நோட்டில் இருக்கும் விதிகள் இவை. லேயிலிருந்து அன்றைய முதல் விமானத்தில் இடம் எடுக்கவேண்டும்; அது போனால் அடுத்ததில் ஏறவாவது வாய்ப்பு இருக்கும். மூன்று துண்டையும் முடிந்தவரை ஒரே பி.என்.ஆர். எண்ணில் எடுங்கள், முதலாவது தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தம்பி அவசரத்தில் தனித்தனியாக எடுத்து, ஒரு டிக்கெட் பணம் முழுக்கப் போனது. தனித்தனியாக எடுத்தே ஆகவேண்டுமென்றால் டெல்லியில் குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள். அங்கே முதலாம் முனையமும் மூன்றாம் முனையமும் ஒரே கட்டடம் இல்லை, வண்டியேறிப் போகவேண்டும். பெட்டியை எடுத்து மறுபடி போடவும் வேண்டும். கொல்கத்தா இரவுக்கு ஒரு படுக்கைக்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

கோடையில் வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு ஒன்றரை நாள் போடுகிறேன். டிசம்பர், ஜனவரியில் மூன்று நாள். லேக்கு மேலே, கர்துங் லா கணவாய்க்கு அந்தப் பக்கம் நுப்ராவில் இருப்பவர் என்றால் லே வந்து சேரவே இன்னொரு நாள். விமானப்படை விமானத்தில் சண்டிகருக்கு இடம் கிடைப்பதும் உண்டு. கிடைத்தால் நல்லது, ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இறப்பு வீடு என்றால் இந்தக் கணக்கைப் பெரியவர்களிடம் முதல் மணி நேரத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "நாளைக்கு வந்துடுவான்" என்று சொல்லாதீர்கள். "வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி வர முடியாது, எடுக்கறதா, வைக்கறதான்னு இப்பவே முடிவு பண்ணுங்க" என்று சொல்லுங்கள். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அப்பா இரண்டு நாள் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

எதிர்த் திசையில் போகிறவர்களுக்கு

இங்கிருந்து லே போவதற்கும் தூரம் அதேதான், ஆனால் உடம்பின் கணக்கு வேறு. எங்கள் விமான நிலையம் கடல்மட்டத்தை ஒட்டி. லேயில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். போய் இறங்கியதும் ஒன்றும் தெரியாது; சாயங்காலம் தலைவலி ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாள் அறையிலேயே ஓய்வு என்று பயணத் திட்டத்தில் எழுதிவிடுங்கள். அப்பா தம்பியைப் பார்க்கப் போனபோது முதல் நாளே கடைவீதி வரை நடந்துவிட்டு, இரவெல்லாம் மூச்சு வாங்கித் தூங்காமல் கிடந்தார்.

கடிகாரம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான், கூட்டிக் கழிக்க எதுவுமில்லை. சூரியன் மட்டும் ஒன்றில்லை. ஒரு டிகிரி தீர்க்கத்துக்கு நான்கு நிமிடம். 15 டிகிரிக்கு ஒரு மணி நேரம். இதோடு கோடையில் வடக்கே பகல் நீளம் வேறு சேரும். ஜூன் மாதத்தில் எங்களுக்கு ஆறு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். அவனுக்கு ஏழரை வரை வெளிச்சம். விளக்கேற்றிவிட்டு நான் போன் செய்தால் அவன் இன்னும் மைதானத்தில் வாலிபால் ஆடிக்கொண்டிருப்பான்.

போன டிசம்பரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். தம்பிக்கு மூன்று நாளுக்குப் பதில் நான்கு நாள் முன்னதாகவே டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். கிளம்பும் நாள் காலை ஐந்தரைக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, இங்க நல்லா இருக்கு. டெல்லியில பனி எப்படின்னு பாரு."